பட்டாம்பூச்சிக்கு ஒரு பேரேடு!

ராஜா, நவாப், டியூக், பாரன், கமாண்டர், சார்ஜண்ட், லஸ்கர்...

ஏதோ வெள்ளைக்காரர் காலத்து கவர்னர் மாளிகை விருந்துக்கு வந்தவர்களின் பட்டியல் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் இந்தியப் பட்டாம்பூச்சிகளின் ஆங்கிலப் பெயர்கள்! இதில் பாரன் துரை உங்கள் வீட்டு மாமரத்திலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கலாம். வாடகைக்கு ரசீது கேட்காத ஆசாமி என்பதால் உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அந்தக் காலத்தில் இங்கே வேலை பார்த்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளில் சிலருக்குப் பட்டாம்பூச்சி என்றால் பைத்தியம். பரேடு இல்லாத நாளில் வலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். பெயர்களில் ராணுவ வாடை அடிப்பதில் ஆச்சரியமே இல்லை. அவர்களில் ஒருவர் பிரிகேடியர் ஈவான்ஸ். 1932-ல் அவர் வெளியிட்ட புத்தகம் இந்தியப் பட்டாம்பூச்சிகளை அடையாளம் காண இன்றைக்கும் கைகொடுக்கிறது.

அந்த ஈவான்ஸ் ஓர் அளவைக் குறித்து வைத்தார். தென்னிந்தியாவின் 'சதர்ன் பேர்ட்விங்' பட்டாம்பூச்சி ஒன்று, ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு இறக்கை நுனி வரை 190 மில்லிமீட்டர். இந்தியாவின் மிகப் பெரிய பட்டாம்பூச்சி அதுதான் என்று ஆயிற்று. 88 வருஷம் அந்தச் சாதனையை யாராலும் அசைக்க முடியவில்லை. கடைசியில் 2020-ல் உத்தராகண்ட் மாநிலம் டிடிஹாட்டில் கிடைத்த ஒரு 'கோல்டன் பேர்ட்விங்' பெண் பூச்சி அதை முறியடித்ததாகச் செய்தி வந்தது. அதன் அளவு 194 மில்லிமீட்டர்.

'நாலே நாலு மில்லிமீட்டர்... இதற்கா இவ்வளவு அமர்க்களம்?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 88 வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் அளந்து எழுதி வைத்ததால்தானே சாதனை என்ற பேச்சே வந்தது? எழுதாமல் விட்டிருந்தால் டிடிஹாட் பூச்சி வெறும் 'பெரிய பூச்சி'. அவ்வளவுதான்.

'எழுதாத கணக்கு அழுதாலும் வராது' என்பார் எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார். பி.காம். படித்தவனுக்கு மூன்று வருஷத்தில் மனசில் தங்கிய ஒரே பாடம் அது. அந்தப் பாடத்தைத்தான் இன்று தமிழ்நாட்டில் பல ஊர்களில், சம்பளமில்லாத சில பேர், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைத் தியாகம் செய்து நடத்திக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் பார்க்கும் பட்டாம்பூச்சிகளுக்குக் கணக்கு எழுதுகிறார்கள்!

புள்ளிய எண்ணு கண்ணு!

கோவை, சிங்காநல்லூர் குளக்கரை. ஒரு ஞாயிறு காலை. கூடியிருந்தவர்களைப் பார்த்தால் இவர்களுக்கும் பட்டாம்பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும். ஒரு வங்கி கேஷியர். பம்ப்செட் கம்பெனியில் வேலை செய்யும் இரண்டு பேர். ஒரு மருந்துக் கம்பெனி ரெப். கல்லூரிப் பையன்கள் நாலு பேர். ரிட்டயர்டு தமிழாசிரியை ஒருவர். கையில் ஆளுக்கொரு செல்போன், சிலரிடம் கேமரா, எல்லோரிடமும் நோட்டுப் புத்தகம்.

"ஏனுங்ணா, அஞ்சரைக்கே எந்திரிச்சு வந்தேன். ஒண்ணுகூடக் கண்ணுல படலியே?" என்றான் புதிதாக வந்த பையன்.

கேஷியர் சிரித்தார். "உங்க அவசரம் அதுங்ககிட்டப் பலிக்காதுங்க தம்பி. வெயில் ஏறோணும். அப்பத்தான் டூட்டிக்கு வரும்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பட்டாம்பூச்சிக்கு நம்மைப் போல உடம்புக்குள் நிலையான சூடு கிடையாது. வெயிலில் இறக்கையை விரித்து வைத்து, உடம்பு சூடேறிய பிறகுதான் பறக்கும் தசைகள் சரியாக வேலை செய்யும். காலையில் இலை மேல் இறக்கையை விரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தால் 'அழகு காட்டுகிறது' என்று அர்த்தமில்லை. இன்ஜின் சூடாகிறது என்று அர்த்தம்.

எட்டரை மணிக்கு எருக்கஞ்செடிப் பக்கம் ஒரு ஆரஞ்சு நிறம் அசைந்தது. பையன் குதித்தான். "வெந்தய வரியன்! எழுதிக்குங்க!"

"பொறு கண்ணு. புள்ளிய எண்ணு."

இந்த இடத்தில்தான் கதையே இருக்கிறது. வெந்தய வரியனின் புழு எருக்கிலை தின்று வளர்கிறது. எருக்கம்பாலில் இருக்கும் விஷம் பூச்சியின் உடம்பிலும் தங்கிவிடும். ஒரு முறை அதைக் கொத்திய பறவை வாந்தி எடுத்து, ஜென்மத்துக்கும் அந்த ஆரஞ்சு நிறத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காது. இதைப் பார்த்து இன்னொரு பூச்சி அதே வேஷத்தைப் போட்டுக்கொண்டது. ஆங்கிலத்தில் 'டனாயிட் எக்ஃப்ளை' என்பார்கள். அதன் ஆண் கன்னங்கரேலென்று வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். பெண் மட்டும் அச்சு அசல் வெந்தய வரியன்! விஷம் கிடையாது, விஷமக்காரி என்ற பெயர் மட்டும் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? பின் இறக்கையைப் பார்க்க வேண்டும். வெந்தய வரியனுக்குக் கரும்புள்ளிகள் பல இருக்கும். வேஷக்காரிக்கு ஒன்றே ஒன்று.

"கவுண்டர்ல ஐந்நூறு ரூபா நோட்டு வந்தா வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறதில்லீங்களா? அது மாதிரிதான். பாக்காம வரவு வெச்சுட்டா ராத்திரி கணக்கு இடிக்கும்" என்றார் கேஷியர்.

பையன் எண்ணினான். ஒன்றுக்கு மேல் இருந்தது. வெந்தய வரியனேதான். நோட்டில் ஏறியது.

ஆம்பிளைகள் கூடுமிடம்

கொஞ்ச தூரத்தில் ஈர மண்ணில் ஒரு கும்பல். மஞ்சளும் வெள்ளையுமாக முப்பது நாற்பது பட்டாம்பூச்சிகள் சேற்றில் மூக்கை... மன்னிக்கவும், உறிஞ்சுகுழலை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தன.

"இதுல பெரும்பாலும் ஆம்பிளைங்கதான்" என்றார் தமிழாசிரியை. "டீக்கடை பெஞ்சு மாதிரின்னு வெச்சுக்கோ."

பூந்தேனில் சர்க்கரை இருக்கும், உப்பு அவ்வளவாக இருக்காது. அதனால் ஈர மண், சாணம், ஏன், நம் சட்டை வியர்வை என்று எங்கே உப்பு கிடைத்தாலும் ஆண் பூச்சிகள் விடாது. அந்த உப்பையும் அப்படியே தானே வைத்துக்கொள்வதில்லை. இணை சேரும்போது பெண்ணிடம் கொடுத்துவிடுகிறது. அது முட்டைகளுக்குப் போய்ச் சேருகிறது. சம்பளக் கவரைப் பிரிக்காமல் வீட்டில் கொடுக்கும் உத்தமர்கள் இன்னமும் உலகத்தில் இருக்கிறார்கள் ஐயா!

பெண்ணின் வேலை இதைவிடக் கஷ்டம். முட்டையிடச் சரியான செடியைத் தேட வேண்டும். அதற்கு நாக்கு காலில் இருக்கிறது. இலை மேல் உட்கார்ந்து காலாலேயே ருசி பார்க்கும். கறிவேப்பிலை அழகிக்குக் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வேண்டும். வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி நல்ல இடம். சிவப்புடல் அழகிக்கு ஆடுதின்னாப்பாளை. செடி மாறினால் புழு பட்டினி. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்ற பேச்சுக்கே இடமில்லை.

சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையைப் பாருங்கள். இலை மேல் குருவி எச்சம் மாதிரி ஒன்று கிடக்கும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். அதுதான் குட்டிக் கறிவேப்பிலை அழகி. நசுக்கிவிடாதீர்கள். நாலைந்து இலை போனால் போகட்டும். ரசத்துக்கு மிச்சம் இருக்கும்.

எண்ணினால் என்ன ஆகும்?

'பார்த்தோமா, ரசித்தோமா, வந்தோமா என்று இல்லாமல் எதற்கு இந்தக் கணக்கு வழக்கு?'

இங்கிலாந்தில் ஒரு கதை நடந்தது. 'லார்ஜ் ப்ளூ' என்றொரு நீலப் பட்டாம்பூச்சி அங்கே வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. பூச்சி பிடித்து ஆல்பம் போடுகிறவர்கள்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது வாழும் புல்வெளியைச் சுற்றி வேலி போட்டார்கள். வேலி ஆட்களைத் தடுத்தது. கூடவே ஆடு மாடுகளையும் தடுத்தது. 1979-ல் அந்தப் பட்டாம்பூச்சி இங்கிலாந்திலிருந்தே மறைந்துபோனது.

ஜெரமி தாமஸ் என்ற விஞ்ஞானி வருஷக்கணக்கில் கூடவே இருந்து எண்ணி, அளந்து, காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பூச்சியின் புழு ஒரு வகைச் சிவப்பு எறும்பின் புற்றுக்குள் வளர்கிறது. எறும்பே 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்று ஏமாந்து தூக்கிக்கொண்டு போகும். உள்ளே போன பிள்ளை எறும்பின் குஞ்சுகளையே தின்று கொழுக்கும்! அந்த எறும்புக்குச் சூடான தரை வேண்டும். ஆடு மாடு மேயாமல், நோயில் முயல்களும் செத்துப்போய், புல் உயரமாக வளர்ந்தது. தரை குளிர்ந்தது. எறும்பு போனது. பட்டாம்பூச்சியும் போனது. நல்ல எண்ணத்தில் போட்ட வேலியே வினையாகிவிட்டது. காரணம் தெரிந்த பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து, புல்லைக் குட்டையாக வைத்து, 1980-களில் மறுபடி குடியேற்றினார்கள். இன்று அங்கே பறக்கிறது.

அதே இங்கிலாந்தில் 1976-லிருந்து ஒரு வேலை ஒழுங்காக நடக்கிறது. ஒருவர் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒரு முறை அதே பாதையில் ஒரே வேகத்தில் நடப்பார். இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அதற்குள் வருவதை மட்டும் எண்ணுவார். போலார்ட் என்ற விஞ்ஞானி வகுத்த முறை. நடப்பவர்களில் பெரும்பாலானோர் நம்மைப் போன்ற சாதாரணத் தொண்டர்கள். அந்த நோட்டுகளையும் மற்ற பதிவுகளையும் கூட்டிப் பார்த்து 2022-ல் ஓர் அறிக்கை வந்தது. 1970-களிலிருந்து கணக்குப் போட்டால், நூற்றுக்கு 80 இனங்கள் எண்ணிக்கையிலோ வாழும் பரப்பிலோ சரிந்திருந்தன.

ஜெர்மனியில் க்ரேஃபெல்ட் என்ற ஊரில் பூச்சி ஆர்வலர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. 1989-லிருந்து பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் பொறி வைத்து, சிக்கிய பறக்கும் பூச்சிகளை எடை போட்டுக் குறித்து வந்தார்கள். 27 வருஷக் கணக்கு 2017-ல் வெளியானது. எடையில் முக்கால் பங்குக்கும் மேல் காணோம்! உலகமே அதிர்ந்தது. அமெரிக்காவில் 76,000-க்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகளைச் சேர்த்து 2025-ல் பார்த்தார்கள். 2000-க்கும் 2020-க்கும் இடையில் பட்டாம்பூச்சிகள் நூற்றுக்கு 22 குறைந்திருந்தன.

பேலன்ஸ் ஷீட் இல்லாத கம்பெனி திவாலாவது கடைசி நாள்வரை தெரியாது. இவர்கள் கையில் பேலன்ஸ் ஷீட் இருந்தது. அதனால் தெரிந்தது.

நம்ம ஊர்க் கணக்கு

தமிழ்நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் பதிவாகியிருக்கின்றன. இந்தப் பட்டியலை நீட்டியதில் கோவையைச் சேர்ந்த ஆர்வலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்ரீரங்கம் அருகே மேலூரில் 2015-ல் அரசு ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் திறந்தது. 2019-ல் 'தமிழ் யோமன்' நம் மாநிலப் பட்டாம்பூச்சி ஆனது. மகாராஷ்டிரம், உத்தராகண்ட், கர்நாடகம், கேரளம் ஆகியவற்றுக்குப் பிறகு ஐந்தாவது மாநிலம் நாம். யோமன் என்றால் ஆங்கிலத்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் குடியானவன். தமிழில் அதற்குக் கிடைத்த பெயர் 'தமிழ் மறவன்'. ஒரே நாளில் விவசாயி வீரனாகிவிட்டார். பிரமோஷன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! ஆரஞ்சு நிற இறக்கை, கரிய ஓரம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால் பார்க்கலாம்.

2020-லிருந்து ஒவ்வொரு செப்டம்பரையும் நாடு முழுவதும் ஆர்வலர்கள் பட்டாம்பூச்சி மாதமாகக் கொண்டாடி, பார்த்ததை எல்லாம் பதிவு செய்கிறார்கள்.

நம் ஊரில் இன்னும் எண்ணி முடிக்காத ஒரு பெரிய கணக்கு பாக்கி இருக்கிறது. அதுதான் வலசை. ஆங்கிலத்தில் 'டைகர்', 'க்ரோ' என்று அழைக்கும் வரியன், கருப்பன் வகைகள், தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்குக் கிளம்பும். அக்டோபர், நவம்பர் வாக்கில் மலைக்குத் திரும்பும். ஆயிரக்கணக்கில் ரோட்டைக் கடப்பதைப் பலரும் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பார்கள். பார்த்ததோடு சரி!

கனடாவில் அர்க்கார்ட் என்ற விஞ்ஞானி இப்படி விடவில்லை. 'மொனார்க்' பட்டாம்பூச்சி குளிர்காலத்தில் எங்கே போகிறது என்று தெரிய, இறக்கையில் குட்டிச் சீட்டு ஒட்டி அனுப்ப ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சேர்ந்தார்கள். பல பத்தாண்டு உழைப்புக்குப் பிறகு, 1975 ஜனவரியில் மெக்ஸிகோ மலைக்காட்டில் மரமே தெரியாதபடி கோடிக்கணக்கில் அவை அப்பிக்கொண்டிருப்பதை அவருடைய தொண்டர்கள் கண்டுபிடித்தார்கள். மறு வருஷம் அர்க்கார்ட் அங்கே நேரில் போனபோது, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீட்டு ஒட்டி விட்ட ஒரு பூச்சி கண்ணில் பட்டது. ஒட்டியது பள்ளிக்கூடப் பையன்கள்!

நம் கருப்பனும் வரியனும் எந்த வாரம் கிளம்புகின்றன, எந்த ஊர் வழியாகப் போகின்றன, மழை தள்ளிப்போனால் என்ன செய்கின்றன... இதையெல்லாம் ஒரு விஞ்ஞானி தனியாக நின்று பார்க்க முடியாது. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவரும், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரும் சேர்ந்து எழுதினால்தான் உண்டு.

நீங்களும் ஆரம்பிக்க...

● ஒரே இடம், ஒரே வழி, ஒரே நேரம். ஆபீஸுக்கு நடக்கும் 15 நிமிஷப் பாதையே போதும். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் நல்ல வெயில் நேரம் உத்தமம்.

● தேதி, மணி, இடம், வெயிலா மேகமா, எந்த இனம், எத்தனை, எந்தச் செடியில். இந்த ஏழும் இருந்தால்தான் அது பதிவு. 'அழகாக ஒரு பூச்சி பார்த்தேன்' என்பது கவிதை.

● போட்டோ எடுங்கள். இறக்கையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டும் கிடைத்தால் அடையாளம் காண்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். உணர்கொம்பின் நுனி குமிழ்போல் தடித்திருந்தால் பட்டாம்பூச்சி. இறகு மாதிரியோ நூல் மாதிரியோ இருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி.

● தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர் ஒன்று, நல்ல பதிவுகள் பத்தைச் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

● பிடிக்காதீர்கள். பல இனங்கள் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. மாமியார் வீட்டுக்குப் போக வேறு வழிகள் இருக்கின்றன.

● ஒரு தொட்டி கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை. பால்கனி போதும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள்.

பூஜ்யமும் ஒரு வரவுதான்

குளக்கரையில் அன்று நடை முடிந்து எல்லோரும் நோட்டை மூடினார்கள். பையனின் நோட்டில் ஒரு பக்கம் காலியாக இருந்தது.

"இது என்ன?"

"அந்தக் கடைசி வளைவுல ஒண்ணும் இல்லீங்ணா. அதான் எழுதலை."

"அதைத்தான் முதல்ல எழுதோணும். போன வருஷம் இதே வாரம் அங்க பதினாலு நோட் பண்ணியிருக்கோம். ஆடுதின்னாப்பாளை படர்ந்து கெடந்துச்சு. சுத்தம் பண்றோம்னு வழிச்சு எடுத்துட்டாங்க. நீ பூஜ்யம்னு எழுதினாத்தான், பதினாலு என்னாச்சுன்னு நாளைக்கு யாராச்சும் கேக்க முடியும்."

பையன் பேனாவை எடுத்தான்.

யோசித்துப் பார்த்தால் நம் தெருக்களில் தினமும் இதுதான் நடக்கிறது. காலி மனையில் எருக்கு, ஆமணக்கு, அரளி என்று ஏதாவது மண்டும். 'குப்பைச் செடி' என்று ஒரு நாள் ஜே.சி.பி. வந்து வழித்துவிட்டுப் போகும். சிமெண்ட் தளம் போடுவார்கள். பளிச்சென்று இருக்கும். மறு மாதம் ஏதோ குறைகிற மாதிரி தோன்றும். என்னவென்று சொல்லத் தெரியாது. ஏனென்றால் என்ன இருந்தது என்பதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை. செடியை எடுக்கிறவரிடம் போய், 'இது குப்பை இல்லீங்க, இத்தனை வெந்தய வரியன் இதை நம்பி இருக்கு' என்று சொல்ல கையில் ஒரு எண்ணாவது வேண்டாமா?

அடுத்த வருஷம் உங்கள் தெருவுக்குப் பட்டாம்பூச்சி வராமலே போகலாம். இந்த வருஷம் வந்தது என்று சாட்சி சொல்ல, தேதி போட்ட ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்கட்டும். பெட்டிக் கடையில் கிடைக்கிறது. ஒரு சினிமா டிக்கெட்டைவிட விலை குறைவு.